‘ஏழைகளைப் பார்க்க நான் ஏன் வரணும்?’ – உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி

கேள்வி: நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். பதினாறு வருடமாக மெல்போர்னில் இருக்கிறோம், இப்போது ஆஸ்திரேலியக் குடிமக்கள். வியாசர்பாடிப் பக்கம் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு, இங்கிருக்கும் தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாக எட்டு வருடமாக மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். அங்கே ஒரு பெண் குழந்தையை எங்கள் பொறுப்பில் தந்திருக்கிறார்கள். அவளுக்கு 12 வயது. அப்பா இல்லை, அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். அவள் படம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். பொங்கல் அன்றே இல்லத்துக்குப் போய் எல்லாருக்கும் புதுத்துணி, பிரியாணி கொடுக்கத் திட்டம். அவளை மட்டும் ஒருநாள் மாலுக்கு அழைத்துப்போய், இரவு என் அம்மா வீட்டில் தங்கவைக்க ஆசை. ஒரு டேப்லெட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் 13 வயது மகன், “ஏழைகளைப் பார்க்க நான் ஏன் வரணும்? அவங்க என்ன மிருகக்காட்சி சாலையா?” என்கிறான். 9 வயது மகள் ஆசையாகத்தான் இருக்கிறாள். வசதியில் வளரும் பிள்ளைகள் கஷ்டம் என்றால் என்ன என்று பார்க்கட்டுமே என்றுதான் கூட்டி வருகிறேன். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?
– ஒரு வாசகி, மெல்போர்ன்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகனிடம் வாதாட வேண்டாம். அவன் கேட்டது சரியான கேள்வி. வடசென்னையின் குழந்தைகள் இல்லங்களில் இருபத்திரண்டு வருடம் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள் நான். நன்கொடை தருகிறவர்களில் பத்தில் ஒருவர் இந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டு வந்திருந்தால், எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: “நீ யாரையும் பார்க்க வர வேண்டாம். ஒரு சாயங்காலம் விளையாட வா. பார்க்க வேண்டியதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.” சொன்னால் மட்டும் போதாது, அது நிஜமாகவும் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் திட்டத்தில் நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது. நல்ல மனதோடு போட்ட திட்டம் என்று தெரிகிறது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தேதி. பொங்கல் அன்று போகாதீர்கள்.

பொங்கல் விடுமுறை, இல்லத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நாட்கள். அம்மாவோ பாட்டியோ சித்தியோ யாராவது ஒருவர் உள்ள பிள்ளைகள் போகிக்கு முன்பே பையைக் கட்டிவைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர் வருகிறார் என்று தகவல் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? “இரண்டு நாள் கழித்துப் போகலாம், கெஸ்ட் வர்றாங்க” என்று பிள்ளைகளை நிறுத்திவைப்பார்கள். நான் வேலை செய்த ஓர் இடத்திலேயே இது நடந்தது. அழைத்துப்போக வந்த அம்மாக்கள் மதியம் வரை வெளியே திண்ணையில் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். அன்று வந்த குடும்பத்துக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளைகள் பாடினார்கள், அவர்கள் கண் கலங்கினார்கள், எல்லாருக்கும் புதுத்துணி கொடுத்தார்கள்.

காணும் பொங்கல் அன்று மெரினாவில் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று, பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸார் பிள்ளைகளின் கையில் கட்டிவிடுவார்கள். நீங்களும் சின்ன வயதில் காணும் பொங்கலுக்குக் கடற்கரை போயிருப்பீர்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பெண், பொங்கல் முடிந்து திரும்பி வந்தும் அந்தப் பட்டையை ஒரு வாரம் கழற்றவே இல்லை. குளிக்கும்போது நனையாமல் கையை மேலே தூக்கிக்கொண்டு குளிப்பாள். மை ஊறி நம்பர் அழிந்த பிறகும் அது அவள் கையில் இருந்தது. உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் உள்ள பெண்ணுக்கும் இந்த ஜனவரியில் அப்படி ஒரு நாள் கிடைக்கட்டும். பள்ளி திறந்த பிறகு, 20ஆம் தேதிக்கு மேல், ஒரு வேலைநாளில் போங்கள். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு வந்து, கை கால் கழுவி, டீயும் சுண்டலும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆறரைக்குப் படிக்கிற நேரம். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் போதும்.

பிரியாணி, துணி பற்றி. இல்லத்துச் சமையல்கார அக்காவிடம் கேட்டால் உண்மையைச் சொல்வார். பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி வந்து குவியும், சில வாரம் மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை காய் வாங்கக் காசு இருக்காது. துணியும் அப்படித்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஜிகுஜிகு என்று ஃபிராக் வரும். பள்ளிச் சீருடைக்கு உள்ளே போடும் ஷிம்மீஸ், பெரிய பெண்களுக்கு நாப்கின், தேய்ந்த செருப்புக்கு மாற்று, இவற்றை யாரும் கொண்டுவருவதில்லை. எது தேவை என்று வார்டனிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். இல்லமே வாங்கிப் பொதுவில் கொடுக்கட்டும். உங்கள் கையால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திக் கொடுக்காதீர்கள். அந்த வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் மகனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

அந்த டேப்லெட்டை மெல்போர்னிலேயே விட்டுவிடுங்கள். முப்பது பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒருத்திக்கு மட்டும் டேப்லெட் வந்தால், அன்று இரவு விளக்கு அணைத்த பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இன்னும் மோசம். “ஃபாரின்காரங்க வந்துட்டுப் போனாங்களாம்” என்று தெருவில் பேச்சாகும். மறுநாளே, வட்டிக்குக் கடன் கொடுத்த தண்டல்காரர் வாசலில் நிற்பார். பத்து நாளில் அது சேட்டு கடைக்குப் போய்விடும். நான் இப்படி மூன்று பொருட்கள் போனதைப் பார்த்திருக்கிறேன். அடகு வைத்த அம்மாக்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

மாலும் இரவுத் தங்கலும் முடியாது. இல்லத்தில் உள்ள பிள்ளை அங்கே இருப்பது, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்க அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில். எட்டு வருடம் பணம் அனுப்பியவர் என்பதற்காக ஓர் இரவு உங்களோடு அனுப்ப நிர்வாகிக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் கேட்டதும் “தாராளமாகக் கூட்டிட்டுப் போங்க மேடம்” என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படாதீர்கள். அந்த இல்லத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். உங்களிடம் அப்படி அனுப்புகிறவர்கள் யாரிடமும் அனுப்புவார்கள்.

படம் எடுப்பதும் அப்படித்தான். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்திருப்பாள். ‘வியாசர்பாடி அநாதை இல்லத்தில் எங்கள் பொங்கல்’ என்று உங்கள் உறவினர் யாரோ முகநூலில் போட்ட படம் அப்போது அவள் வகுப்புத் தோழியின் கையில் கிடைத்தால் அவள் என்ன செய்வாள்? போன்களைப் பையிலேயே வைத்துவிடுங்கள், உங்கள் மகளின் போனையும் சேர்த்து.

சரி, பெரியவர்கள் நீங்கள் இருவரும் பார்க்க வேண்டியது என்ன? பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் அலுவலக அறையில் உட்காருங்கள். இல்லம் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இல்லத்தில் அதை ஃபிரேம் போட்டுச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கழிப்பறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பிள்ளைகளோடு இரவு தங்கும் அக்கா எத்தனை வருடமாக வேலையில் இருக்கிறார், என்ன சம்பளம் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறினால், பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு முறை ஓர் அம்மாவை இழக்கிறார்கள் என்று பொருள். துணி வாங்கித் தர நூறு பேர் வருவார்கள், அந்த அக்காவின் சம்பளத்தை உயர்த்தப் பணம் தர யாரும் வருவதில்லை. உங்களால் முடியுமானால் அதைச் செய்யுங்கள்.

பணம் தருவதில் ஒரு கவனம். கிளம்பும்போது பாசத்தில் வார்டன் கையில் கவரைத் திணிக்காதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், ரூபாயாகவே தந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புதான். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பணம் முழுவதும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். நீங்கள் தரும் கவர், அந்த இல்லத்தின் உரிமத்துக்கே ஆபத்தாக முடியலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் வைத்திருக்கும் உங்கள் நண்பர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. நீங்கள் கூடுதலாக ஏதும் தர விரும்பினால், மெல்போர்ன் திரும்பி வழக்கமான வழியிலேயே அனுப்புங்கள்.

எல்லாம் கேட்ட பிறகு கடைசியாக ஒன்று கேளுங்கள்: “போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்கே திரும்பிப் போனாங்க?”

நல்ல இல்லம் இந்தக் கேள்வியைக் கேட்டால் மகிழும். நிர்வாகி ஒவ்வொரு பிள்ளையாக நினைவிலிருந்து சொல்வார். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. உங்கள் நாட்டிலும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். 2017இல் நவீன அடிமைமுறை பற்றி ஆராய்ந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, வெளிநாட்டுப் பார்வையாளர்களின் பணத்துக்காகப் பெற்றோர் உள்ள பிள்ளைகளை அநாதைகளாகக் காட்டி இல்லங்களில் சேர்ப்பதைத் தன் அறிக்கையில் தனியாகவே எழுதியது. நீங்கள் உதவும் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அம்மா மீன் விற்கிறார் என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களே, அதுவே நல்ல அடையாளம்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். “அம்மா இருக்கும்போது இவள் ஏன் இல்லத்தில்?” என்ற எண்ணம் உங்களுக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுக்க விடிவதற்கு வெகுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரே அறை வீடு, தாழ்ப்பாள் சரியில்லாத கதவு, உள்ளே பன்னிரண்டு வயதுப் பெண் தனியாக. அந்த அதிகாலை மூன்று மணி இருட்டுதான் இந்தப் பகுதியில் பல பெண் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்புகிறது. பாசம் குறைந்து யாரும் அனுப்பவில்லை. அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, வரத்து குறைந்து விலை ஏறும், கூடைக்காரப் பெண்களால் முதல் போட்டு எடுக்க முடியாது. தடைக்காலம் முடிவதும் பள்ளி திறப்பதும் ஒரே ஜூன் மாதம். வருடத்தின் பெரிய கடனை அப்போதுதான் வாங்குகிறார்கள். பொங்கலுக்கு நீங்கள் தரும் துணியை விட, மே மாதம் வரும் உதவி அந்த வீட்டில் பத்து மடங்கு பெரிது.

அதனால் நிர்வாகியிடம் ஒரு யோசனையாகக் கேட்டுப் பாருங்கள்: “எங்கள் பணம் அவள் அம்மாவோடு இருந்தபடியே படிக்க உதவுமா? நல்ல பூட்டோடு ஒரு வீட்டுக்கு வாடகை, பக்கத்தில் நம்பிக்கையான ஒரு பாட்டி துணை, சாயங்காலம் டியூஷன்?” முடியும் என்றால், குழந்தைகள் நலக் குழுவிடம் பேசி அவர்களே ஏற்பாடு செய்வார்கள். அரசே மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வீட்டில் வைத்து வளர்க்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. முடியாது என்றால் அதற்கும் காரணம் இருக்கும், எல்லா வீடும் பத்திரமான வீடு இல்லை. காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவள் கதையைக் கிண்டாதீர்கள்.

அந்த அம்மா விரும்பினால் மட்டும், சமூகப் பணியாளர் துணையோடு, நீங்கள் ஒருவர் மட்டும் போய் அவரைப் பாருங்கள். குடும்பமே போய்ச் சந்தில் நிற்க வேண்டாம். ஒருமுறை ஒரு நன்கொடையாளரோடு இப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, அதில் ஈரத்துணியால் துடைத்த தடம் காயாமல் இருந்தது, கடையிலிருந்து கலர் வாங்கி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். வந்தவர் பயந்துபோய், “இல்ல, வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்” என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். பேசி முடித்து எழும் வரை அந்தக் கலர் அங்கேயே இருந்தது. அந்த அம்மா பேச்சுக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்களுக்கு வயிற்றுப் பயம் இருந்தால் முன்கூட்டியே, “அக்கா, ஒரு டீ போதும்” என்று சொல்லி அனுப்புங்கள், கொதித்த டீ ஒன்றும் செய்யாது. எதைக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் குடியுங்கள். ‘என் பிள்ளைக்குப் பணம் அனுப்பியவருக்கு என் வீட்டில் ஒரு வாய் கொடுத்தேன்’ என்பது அவருக்கு வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று யோசிப்பீர்கள். எட்டு வருடமாக வரும் கடிதங்களை வைத்து அவளைத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடிதங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ‘நான் நலம், நன்றாகப் படிக்கிறேன்’ என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். ஒரு பையன் பாதியில் நிறுத்தி, “மிஸ், என் நாய் செத்துப்போச்சுன்னு எழுதலாமா?” என்று கேட்டான். “அதெல்லாம் எழுதக் கூடாது, அவங்க கஷ்டப்படுவாங்க” என்று பதில் வந்தது. அவன் ரப்பர் எடுத்து அழித்தான். காகிதத்தில் ‘நா’ என்ற எழுத்து மட்டும் அழியாமல் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம், “உனக்கு எது பிடிக்காது?” என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டிலோ, பாடத்திலோ, எதுவாகவும் இருக்கட்டும். பிடிக்காததைச் சொல்ல அனுமதி கிடைத்த பிள்ளைதான் பிடித்ததையும் சொல்லும். அப்பா எப்படி இறந்தார், பெரியவளானால் என்ன ஆவாய், இவை வேண்டாம். “ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், நான் அந்தக் காத்திருப்பை நெருக்கத்தில் பார்த்தவள். அவள் பேச்சுவழக்கு உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். சினிமாவில் சிரிக்கவைக்கப் பயன்படுத்திய பேச்சு அது. அதைக் கேட்டு யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இனி உங்கள் மகன். அவனுக்கு கேரம் ஆடத் தெரியுமா? தெரியாவிட்டால் இப்போதே பழகச் சொல்லுங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுபவர். இங்கே தெருவுக்குத் தெரு போர்டு உண்டு. இல்லத்துப் பிள்ளைகள் ‘ரெட்’ என்ற சிவப்புக் காயைப் போட்டு, அது செல்லுபடியாக அடுத்துப் போட வேண்டிய ‘ஃபாலோ’ காயையும் கையோடு போடுவார்கள், அவன் பவுடரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் மட்டும் அவன் சொந்தமாக வாங்கி எடுத்து வரட்டும். கண்டிப்பாகத் தோற்பான். “இங்க வெச்சு அடி, கட்டை விரலை மடக்கு” என்று யாராவது ஒரு பத்து வயதுக்காரன் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். மகளுக்கும் கவலை வேண்டாம், கட்டம் போட்டு நொண்டும் பாண்டி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், மொழி தேவைப்படாது. நடுவில் புகுந்து, “பார்த்தியா, இவங்க எவ்வளவு கஷ்டத்துலயும் சந்தோஷமா இருக்காங்க” என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வேண்டாம். அவனாக ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள்.

வாடகைக் கார் எடுக்காதீர்கள், அந்தச் சந்துகளில் ஒரு கார் நின்றால் தெருவே நிற்கும். உங்கள் அம்மா வீட்டிலிருந்து பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து மின்சார ரயில் ஏறினால், பேசின் பிரிட்ஜ் பக்கம் போகும் வழியில் வியாசர்பாடி ஜீவா அடுத்த நிறுத்தம்தான். கையில் பெரிய பை எதுவும் இல்லாமல் வாருங்கள். நாலரை மணிக்குப் போனால் சுண்டல் மிச்சம் இருக்கும்.